காலராவின் நஞ்சும் ‘எண்டோடாக்ஸின்’ என்னும் பெயரும்

1888ஆம் ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சார்ந்த எமில் ரூ, அலெக்ஸாண்டர் யெர்ஸின் என்னும் இருவர், தொண்டை அடைப்பான் கிருமிகளை வளர்த்த ரசத்தைப் பீங்கான் வடிகட்டியில் இறக்கி, கிருமி ஒன்றேனும் கலவாத அத்தெளிவைப் பிராணிகளின் உடலில் செலுத்த, அவை கிருமியே புகுந்தாற்போல நோயுற்று மடிந்தன. கிருமி தன் உடலுக்கு வெளியே கக்கும் விஷமே கொல்கிறது என்னும் கொள்கை இதனால் வேரூன்றிற்று. ரணஜன்னிக் கிருமியும் அத்தகையதே என்பது இரண்டு ஆண்டுகளுக்குள் தெளிவாகவே, ‘டாக்ஸின்’ என்னும் பெயர் வைத்திய சாஸ்திரத்தில் நிலைபெற்றது.

ஆனால் எல்லாக் கிருமிகளும் இந்த விதிக்கு இணங்கவில்லை. பெர்லினில் ராபர்ட் கோக்கின் சீடராயிருந்த ரிச்சர்ட் பைஃபர், 1892இல் காலராக் கிருமிகளைச் சூட்டினால் கொன்று, அவ்வுயிரற்ற உடல்களைக் கினிப் பன்றிகளின் வயிற்றறையில் செலுத்தியபோது, அவை உடல் குளிர்ந்து, சோர்ந்து விழுந்து இறந்தன. உயிரோடிருக்கையில் வெளிவிடாது, இறந்து சிதையும்போதே வெளிப்படுவதாகிய ஒரு நஞ்சு கிருமியின் உடலோடு பிணைந்திருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். இக்கருத்துக்கு ஏற்பட்ட பெயரே எண்டோடாக்ஸின், அதாவது அகநச்சு. தொண்டை அடைப்பானின் விஷம் போல வெளியே கக்கப்படுவது புறநச்சு எனப்பட்டது. பாடநூல்கள் இவ்விரு பிரிவுகளையும் ஏற்றுக்கொண்டு, காலராவை அகநச்சின் அறையில் வைத்துப் பூட்டின.

பைஃபர் கண்டது பொய்யன்று. அத்தகைய நஞ்சு அக்கிருமியில் உண்மையாகவே உண்டு. பிசகு வேறிடத்தில் இருந்தது. காலரா குடலில் நிகழும் நோய். பைஃபரோ குடலை விட்டு வயிற்றறையில் பரீட்சித்தார். மேலும், சூட்டைத் தாங்கும் நஞ்சைத் தேடியவருக்குச் சூட்டினால் அழிந்துபோகும் நஞ்சு எங்ஙனம் அகப்படும்? வேடிக்கை என்னவென்றால், குருவாகிய கோக், காலராக் கிருமி குடலின் மேற்படலத்தைத் தாக்கும் ஒரு விஷத்தைப் பிறப்பிக்கின்றது என்று, கல்கத்தாவில் ஆராய்ந்த 1884ஆம் ஆண்டிலேயே ஊகித்திருந்தார். அவ்வூகம் சீடரின் பெயரீட்டுக்கு அடியில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் புதையுண்டு கிடந்தது.

அதனை மீட்டவரும் கல்கத்தாவைச் சேர்ந்தவரே. லண்டனில் ராய் கேமரனிடம் பயின்று திரும்பிய நோய்க்குறியியல் வல்லுநர் சம்புநாத் தே, ஆடம்பரமான கருவி எதனையும் நாடாமல், முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சுமார் நான்கு அங்குல நீளத்தை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமி ரசத்தைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டு ஒருநாள் காத்திருந்தார். மறுபடி திறந்து நோக்குகையில், வெறும் ஊட்டநீர் செலுத்திய குடற்பகுதி சுருங்கிக் கிடக்க, கிருமி புகுந்த பகுதியோ நீர் கோத்து உப்பியிருந்தது. 1953இல் வெளியான இம்முறையின் மதிப்பு அதன் எளிமையிலேயே உள்ளது: நோய் எங்கே நிகழ்கிறதோ அங்கேயே கேள்வி கேட்கப்பட்டது. அடுத்து அவர் கிருமிகளை நீக்கிய வடிநீரை மட்டும் செலுத்திப் பார்த்தார். அப்போதும் குடல் உப்பிற்று. காலராவின் நஞ்சு கிருமிக்கு வெளியே கக்கப்படுவதே என்பதை 1959இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அவருடைய சிறு கட்டுரை நிலைநாட்டிற்று. தாய்நாட்டில் அதற்குத் தக்க மதிப்புக் கிடைத்ததென்று சொல்ல இயலாது.

பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1969இல் ஃபிங்கெல்ஸ்டைன், லோஸ்பலூட்டோ என்னும் ஆய்வாளர் இருவர் இந்நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுத்தனர். ஐந்து துணுக்குகளாலாகிய ஒரு பாகம் குடற்சுவரைப் பற்றிக்கொள்ள, மற்றொரு பாகம் குடலின் உயிரணுவினுள் நுழைந்து உப்பை வெளியே தள்ளச் செய்ய, உப்பைத் தொடர்ந்து நீரும் பெருகுகின்றது என்பது பின்னர் விளங்கிற்று. குடலின் உட்படலம் உரிந்துபோவதில்லை. ஆதலினால்தான் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே நோயாளியைப் பிழைப்பிக்க முடிகின்றது.

எண்டோடாக்ஸின் என்னும் பெயர் இதனால் மறைந்துவிடவில்லை. ஊசி மருந்தில் ஒரு துளி கலந்தாலும் காய்ச்சலை எழுப்பும் பொருளாக, மருந்துத் தொழிற்சாலைகளில் அஃது இன்றும் அன்றாடம் சோதிக்கப்படுகின்றது. வேதியியலார் அதனை லிப்போபாலிசாக்கரைடு என அடையாளங் கண்டபோது, அது கிருமியின் உள்ளே ஒளிந்திருப்பதன்று, வெளிச்சவ்விலேயே பதிந்திருப்பது என்பது புலனாயிற்று. காலராவின் புறநச்சோ, இன்னும் விசித்திரமான பிறப்புடையது: அதனை உண்டாக்கும் மரபணு கிருமிக்கே உரியதன்று, கிருமியைத் தொற்றிய ஒரு வைரஸ் கொணர்ந்தது என்று 1996இல் வால்டர், மெகலானோஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் காட்டினர்.