மீன்தொட்டிப் பவளங்களும் ஒளியும்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. எந்த விளக்கைப் பொருத்துவது? எந்தப் பவளத்தை எங்கே வைப்பது? இன்று இவற்றுக்கு ஓரளவு தெளிவான விடைகள் உண்டு. அந்த விடைகள் கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் தொட்டிகளில் செத்துப்போன பவளங்களுக்குக் கணக்கே இல்லை.

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று, விலங்கு. ஆனால் வெப்பமண்டலக் கடல்களில் பாறை கட்டும் பவளங்களின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சூசாந்தெல்லே எனப்படும் இவை ஒளிச்சேர்க்கை செய்து, கிடைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளம் பாசிக்கு இடமும் உரமும் கொடுக்கிறது. ஆகவே விளக்கு இங்கே அலங்காரம் அன்று, சாப்பாடு.

தொடக்கக் காலத் தொட்டிகள்

லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853இல் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கையாளர் இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் கிடைத்த சிறு கிண்ணப் பவளங்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து வளர்த்தார். அவை பிழைத்ததற்குக் காரணம் எளிது. குளிர்க்கடலின் அந்தப் பவளங்களுக்குள் பாசி கிடையாது. இரை கிடைத்தால் போதும், வெளிச்சம் தேவையில்லை. சொல்லப்போனால் வெளிச்சம் அன்று தொல்லையாக இருந்தது. நாற்புறமும் கண்ணாடியாக இருந்ததால் பக்கவாட்டு ஒளி புகுந்து நீர் பச்சையாகிவிடும். இதற்காகவே எட்வர்ட்ஸ் என்பவர் பின்சுவர் சாய்ந்த ஒரு தொட்டியை வடிவமைத்தார். அதில் ஒளி மேலிருந்து மட்டுமே இறங்கும், கடலில் இறங்குவது போல. பவளத்தை எண்ணி அவர் அதைச் செய்யவில்லை. ஆனாலும் ஒளி மேலிருந்து வரவேண்டும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அறிஞர்கள் தவறவிட்டது

1928-29இல் பிரிட்டனின் ஆய்வுக்குழு ஒன்று ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள லோ தீவுகளில் ஓராண்டு தங்கியது. தலைவர் சி. எம். யங். ஒளி புகாத பெட்டிகளில் பவளங்களை அடைத்து அவர் சோதித்தார். பவளங்கள் பாசியை இழந்து வெளிறின. ஆனால் இரை கொடுத்தபோது உயிரோடு இருந்தன. இதிலிருந்து, பவளம் முழுக்க ஊன் உண்ணி, பாசி அதன் கழிவை அகற்றும் உதவியாள் மட்டுமே என்று யங் முடிவுசெய்தார். சோதனையில் பிழை இல்லை. முடிவில்தான் பிழை. உயிரோடு இருப்பது வேறு, வளர்வது வேறு என்பதை வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

விடை கதிரியக்கத் தனிமங்களின் வழியே வந்தது. 1958இல் மஸ்கட்டீனும் ஹேண்டும் கார்பன்-14 கொண்டு, கடற்சாமந்தியின் பாசியில் உருவான பொருள் விலங்கின் தசைக்குள் செல்வதை நேரடியாகக் காட்டினர். அடுத்த ஆண்டு ஜமைக்காவில் ஆய்வு செய்த தாமஸ் கோரோ கால்சியம்-45 கொண்டு பவளத்தின் எலும்புக்கூடு சேரும் வேகத்தை அளந்தார். பொதுவாக, இருட்டில் இருந்ததைவிட ஒளியில் அது பலமடங்கு விரைவாக இருந்தது.

ஜகார்த்தா முதல் பெர்லின் வரை

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் எந்தக் கருவியும் இல்லாமல் பவளம் வளர்த்துவந்தார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகள், மெல்லிய காற்றுக்குமிழ், வெயில். அவ்வளவுதான். 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் அவர் தம் முறையை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுதும் அடிக்கும் வெயில் அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. குளிர்நாட்டு வீட்டின் மங்கிய சன்னலோரத்தில் அந்த வெயிலுக்கு எங்கே போவது?

குழல்விளக்குகள் வந்தன. ஆழமற்ற தொட்டியில், மென்பவளங்களுக்கு அவை போதுமாக இருந்தன. ஆனால் கிளைவிடும் அக்ரோபோரா வகைகள் அவற்றின்கீழ் மெல்லப் பழுப்பேறிச் செத்தன. 1980களில் ஜெர்மன் ஆர்வலர்கள் கடைகளிலும் கூடங்களிலும் எரிந்த உலோக ஹாலைடு விளக்குகளைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டனர். பெர்லினைச் சேர்ந்த டீட்ரிச் ஸ்டூபர் அக்ரோபோராவை வளர்த்ததோடு நில்லாமல், ஒடித்து ஒடித்துப் பிறருக்கும் கொடுத்தார். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் துளிர்ப்பது போலப் பவளத்தின் துண்டும் தனியாக வளரும். அவர் கொடுத்த துண்டுகளின் வழித்தோன்றல்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவின. கடலிலிருந்து வெட்டி எடுக்காமலே பவளம் பெருகமுடியும் என்று தெரிந்தது. என் கணிப்பில் இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான்.

நீலம் ஏன்?

தண்ணீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். ஆழம்வரை இறங்குவது நீலம். பாசியின் நிறமிகளும் அந்த ஒளியையே நன்கு பிடிக்கின்றன. ஆகவே மஞ்சள் சாய்ந்த விளக்குகளின் இடத்தைப் படிப்படியாக நீலம் சாய்ந்தவை பிடித்தன. இதில் அழகும் சேர்ந்துகொண்டது. நியூ கலிடோனியாவின் நூமியா நகரில் மீன்காட்சியகம் நடத்திய ரெனே கத்தாலா, ஆழத்துப் பவளங்கள் புறஊதாக் கதிரில் பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிர்வதை 1950களிலேயே உலகுக்குக் காட்டியிருந்தார். நீல விளக்கின் கீழ் அந்த ஒளிர்வு வீட்டுத் தொட்டியிலும் தெரிந்தது.

1990களில் நீல எல்.இ.டி. உருவாயிற்று, அதற்கான நோபல் பரிசு 2014இல் ஜப்பானில் பிறந்த மூன்று அறிவியலாளர்களுக்குக் கிடைத்தது. தொட்டிக்கு எல்.இ.டி. வந்தபோது ஒரு விந்தை நடந்தது. மனிதக் கண் பச்சையை நன்றாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணரும். விளக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று கூட்டி வைத்தவர்களின் பவளங்கள் வெளிறிப் போயின. கண்ணை நம்பமுடியாது என்பதால்தான் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி வழக்குக்கு வந்தது. நடுப்பகல் வெயிலில் கடற்பரப்பில் அது ஏறத்தாழ 2000 அலகு காட்டும். காளான் பவளங்களுக்கும் பல மென்பவளங்களுக்கும் 50 முதல் 150 அலகே போதும். அக்ரோபோராவுக்கு 200க்கு மேல் வேண்டும். ஆகவே கிளைப்பவளம் பாறையின் உச்சியில், காளான் பவளம் கீழே நிழலில், கடலில் மணல்மேல் கிடக்கும் ஃபஞ்சியா தொட்டியிலும் மணல்மேல். புதிதாக வந்தது எதுவானாலும் முதலில் கீழே வைத்து, சில வாரங்களில் சிறிது சிறிதாக மேலேற்றுவது வழக்கம்.

இடம் என்பது ஒளி மட்டும் அன்று. 1970களின் தொடக்கத்தில் ஜூடித் லாங் ஜமைக்காப் பவளங்களை ஆராய்ந்து, அருகருகே உள்ள இரு இனங்களில் ஒன்று தன் செரிமான இழைகளை நீட்டி மற்றதைக் கரைத்துத் தின்பதைக் காட்டினார். கலாக்சியா போன்றவை நீண்ட கொட்டும் கைகளை வீசும். நல்ல ஒளியில் வைத்த பவளம் காரணம் தெரியாமல் அரிக்கப்பட்டிருந்தால், அடுத்த வீட்டுக்காரரைத்தான் பார்க்கவேண்டும்.

நம் மாணவர்கள் ஒன்று அறிந்திருக்க வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் இந்தியாவில் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டைப் பெயர்த்தெடுப்பதும் குற்றம்.

நிலா வெளிச்சம்

கடலில் பல பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவை அடுத்த சில இரவுகளில் முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. தொட்டியில் அது தற்செயலாகவே நடந்துவந்தது. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் எல்.இ.டி. விளக்குகளால் கடலின் பகல்நீளத்தையும் நிலவின் எழுச்சி மறைவையும் தொட்டிமேல் நாள்தோறும் நடத்தினர். நீரின் வெப்பத்தையும் பருவத்துக்கேற்ப மாற்றினர். அக்ரோபோராக்கள் எதிர்பார்த்த காலத்தில் முட்டையிட்டன. அந்த முடிவு 2017இல் வெளியாயிற்று. 2019 ஆகஸ்டில், அவர்களோடு இணைந்து பணிசெய்த ஃபுளோரிடா மீன்காட்சியகத்தில், நோயால் அழிந்துவரும் அட்லாண்டிக் தூண்பவளம் ஆய்வுக்கூடத் தொட்டியிலேயே முட்டையிட்டது.