நாடாச் சுழலிலிருந்து மடிக்கணினிக்கு

ஒலித்துண்டை மேடையிலேயே பதிந்து, சுழலவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கை வாசிக்கும் முறை காந்த நாடாக் காலத்திலேயே உருவானது. 1960களில் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி இரண்டு டேப் ரெக்கார்டர்களில் ஒரே நாடாவை ஓடவிட்டார். முதல் கருவி பதிந்ததை இரண்டாவது தாமதித்து ஒலித்தது. அந்த ஒலி முதல் கருவிக்கே திரும்பிப் புதிய வாசிப்போடு சேர்ந்து பதிவானது. கருவிகளின் இடைவெளியும் நாடாவின் வேகமும் தாமதத்தை நிர்ணயித்தன.

பின்னர் இத்தகைய வேலை கணினிக்கு மாறியது. 1990களில் பெர்லினின் மோனோலேக் இசைக்குழுவினரான கெர்ஹார்ட் பேலெஸும் ராபர்ட் ஹென்கேயும் மேக்ஸ் மென்பொருளில் தங்களுக்கான கருவிகளை அமைத்துக்கொண்டனர். அந்த அனுபவத்திலிருந்து ஏபிள்டன் நிறுவனத்தின் 'லைவ்' மென்பொருள் 2001இல் பிறந்தது. அதில் கட்டங்களில் அடுக்கிய ஒலித்துண்டுகளை விரும்பிய வரிசையில் இயக்கலாம். தாளம் பிசகாமல் மென்பொருளே பொருத்தும். சுருதி மாறாமல் வேகத்தையும் மாற்றும். 2009இல் எட்டாம் பதிப்பில், வாசிப்பைப் பதிந்து சுழலவிட்டு அதன்மேல் அடுக்கும் 'லூப்பர்' சேர்ந்தது.