குடத்துக்குள் போகாத பெயர்



நேற்று பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது என் பாடக்குறிப்பு நோட்டு ஒன்று அகப்பட்டது. "குடவோலை முறை: உலகுக்கே வழிகாட்டிய மக்களாட்சி." இந்த வரியை எத்தனை வருடம் உங்களுக்கு எழுதிப் போட்டிருப்பேன்! கல்வெட்டு இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனாலும் கரும்பலகையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு காலாண்டுத் தேர்வில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தான்: "எங்கள் தாத்தாவுக்கு நிலம் இல்லை, வேதமும் தெரியாது. அவர் பெயர் குடத்துக்குள் போயிருக்காது." "பாடத்தில் இல்லை" என்று சிவப்பு மையால் அடித்தேன். மதிப்பெண் பூஜ்யம்.

அவன் எழுதியது பாடத்தில்தான் இல்லை, சுவரில் இருக்கிறது. குடத்தில் பெயர் போட, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். கூடுதலாகப் படித்தவருக்கு அரைக்கால் வேலி போதும். அன்று நம் ஊர் ஒரு பிராமண சதுர்வேதிமங்கலம், அந்தச் சபை எழுதி வைத்த விதி இது. பெண்களுக்கு அதில் இடமில்லை.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன். பழைய எழுத்து எனக்கே சரளமாக வராது. அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் எழுதியது? எதற்காக? யாரைப் பற்றிப் பேச்சே இல்லை?" என்று கேட்பேன்.

இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, கி.பி. 919, 921. முதலாவதில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில் அது 35 முதல் 70 ஆகிவிட்டது. ஏன்? "சின்ன வயசுக்காரங்க ஏதோ தப்பு பண்ணியிருப்பாங்க சார்" என்றாள் ஒருத்தி. "பெரியவங்களுக்குப் பதவியை விட மனசு வரலை" என்றான் இன்னொருவன். இரண்டும் இருக்கலாம். சுவர் காரணம் சொல்லவில்லை. "இருக்கலாம் என்றே எழுது, சுவர் சொல்வதைத் தனியாக எழுது" என்றேன்.

கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற விதி எல்லோருக்கும் தெரியும். அவன் மாமனார், மருமகன், சகோதரி மகன் வரை தள்ளிவைத்ததைப் படித்ததும் பிள்ளைகள் ஒரே சிரிப்பு. அப்படியானால் கணக்குக் காட்டாமல் யாரோ இருந்திருக்கிறார்கள் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். சீட்டை எடுக்க விவரமறியாத சிறுவனை விட்டதும் அந்தச் சந்தேகத்தால்தான் என்பது என் எண்ணம்.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் வைத்த ஊர் இது. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பையனின் பதிலை அடித்தது தப்பு.

தம்பி, இதைப் படித்தால் உனக்கே தெரியும். அந்த விடைத்தாள் இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. திருத்தித் தருகிறேன்.