லெனின்கிராட் வெள்ளமும் பயந்த நாய்களும்

பாவ்லோவ் என்றாலே மணி அடித்ததும் எச்சில் விடும் நாய்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பாடப்புத்தகம் அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் வாக்கிங் கூட்டிப் போனால் லாரி சத்தத்துக்கே வாலைக் கால்களுக்கு நடுவில் ஒடுக்கிக்கொண்டு நடுங்கும் நாயை வளர்ப்பவர்களுக்கு, அதே ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொரு கதைதான் அதிகம் உதவும்.

1924 செப்டம்பர் 23. லெனின்கிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், நேவா ஆறு வழக்கமான மட்டத்தைவிட சுமார் 3.8 மீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளில் மாட்டிக்கொண்டன. தண்ணீர் ஏற ஏற, கூண்டின் மேல்பக்கம் தலையை நீட்டி நீந்திக்கொண்டிருந்தவற்றைத் தண்ணீர் வழியாக இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

நாய்கள் பிழைத்துவிட்டன. ஆனால் சில நாய்கள் பழைய நாய்களாக இல்லை! அவற்றில் ஒன்று, மாதக்கணக்கில் கற்ற பாடத்தை இழந்தது. சோதனை மேடையில் நிற்க முடியாமல் தவித்தது. சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. வழக்கமாக ஆய்வாளர் பக்கத்து அறையில் இருந்துதான் சோதனை நடத்துவார். அவர் நாயோடு அதே அறையில் உட்கார்ந்து பார்த்தார். நாய் அமைதியானது, பழைய பழக்கமும் திரும்பியது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவருடைய உடையை வைத்தபோதும் பலன் இருந்தது. வாசனையே போதுமாக இருந்தது. தேறிய பிறகு ஒருநாள் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், மறுபடியும் மூச்சிரைப்பு, பதற்றம்.

“பயப்படும் நாய் பக்கத்தில் நின்று தட்டிக்கொடுத்தால் பயம் அதிகமாகும்” என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். லெனின்கிராட் நாய் அதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொண்டது.

பக்கத்தில் நிற்பது சரி, பயத்தைப் போக்குவது எப்படி? அதற்கான விடை நாயிடமிருந்து வரவில்லை என்பதுதான் வேடிக்கை. அதே 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத பையனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது, கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார். சாப்பாட்டை அவன் நிறுத்தாத அளவுக்கு மட்டும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும் அளவுக்குப் பையன் பழகிவிட்டான்.

1940களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப்பே பூனைகளிடம் இதையே செய்தார். (முதலில் அந்தப் பூனைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பயமுறுத்தியவரும் அவரேதான், அது வேறு விஷயம்.) சோதனை அறையில் சாப்பிட மறுத்தவற்றுக்கு, அந்த அறையைப் போலக் கொஞ்சம் மட்டும் தெரிகிற அறையில் உணவு வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ஒத்த அறை. இப்படியே படிப்படியாக, பயந்த கூண்டுக்குள்ளேயே அவற்றைச் சாப்பிட வைத்தார். 1958-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் மனிதர்களின் பயத்துக்கும் இதை ஒரு சிகிச்சையாக்கியது.

நாயின் முறை கடைசியில்தான் வந்தது! 1974-ல் டியூபர், ஹாதர்சால், வாய்த் ஆகிய மூவரும், இந்தச் சிகிச்சையை வீட்டு நாய்களுக்கும் பயன்படுத்தலாம் என்று ஓர் அமெரிக்க உளவியல் இதழில் எழுதினார்கள்.

லாரிக்குப் பயப்படும் நாயை மெயின் ரோட்டுக்கே இழுத்துப் போய் “பழகட்டும்” என்று நிறுத்துவதற்கும் உளவியலில் பெயர் உண்டு: ஃப்ளடிங், அதாவது வெள்ளம். கயிற்றில் கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை. அடங்கி நிற்பதைப் பார்த்துத் தைரியம் வந்துவிட்டதென்று நினைப்பது பெரிய தவறு.

ஜோன்ஸ் வழியில் போனால், லாரி தெரிகிற, ஆனால் நாய் நடுங்காத தூரத்தில் நிற்க வேண்டும். லாரி கண்ணில் பட்டதும் பிடித்த தீனி, போனதும் தீனி இல்லை. வரிசை மாறக்கூடாது, முதலில் தீனியைக் காட்டினால், தீனியே லாரி வருவதற்கு அடையாளமாகிவிடும். தூரத்தை நாள்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். நாய் தீனியை முகராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். உடனே பின்வாங்கிவிட வேண்டும், அன்றைக்கு வாக்கிங் பத்தடியோடு முடிந்தாலும் சரி.