கதிரும் கத்தியும்

தோல் சற்றே சிவந்திருக்கும்; சிறிது வீங்கியும் இருக்கும். ஆனால், அத்தோற்றத்திற்குச் சிறிதும் பொருந்தாத கடும் வலியால் நோயாளி துடிப்பார். தசைகளைப் போர்த்தியுள்ள உறையை நுண்கிருமிகள் அழித்துக்கொண்டே பரவுவதுதான் அதற்குக் காரணம். தசையுறை அழுகல் எனும் இந்நோயில் சில மணி நேரத் தாமதமும் உயிரைப் பறிக்கக்கூடும். மறைந்து பரவும் இப்பகையைக் கண்ணால் காண மருத்துவம் மேற்கொண்ட முயற்சி நீண்டதொரு வரலாறாகும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பணியாற்றிய ஜோசப் ஜோன்ஸ் எனும் மருத்துவர், மருத்துவமனைகளில் பரவிய சதையழுகல் நோயைப் பற்றி 1871இல் எழுதினார். அவர் குறித்த 2,642 நோயாளிகளுள் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் மாண்டனர். அக்கால மருத்துவருக்குக் கண்ணும் கைவிரலுமே கருவிகள்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரோண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். எலும்பைத் தெளிவாகக் காட்டிய அக்கதிர், தசையை மங்கலாகவே காட்டியது. எனினும், சில கிருமிகள் சதைக்குள் உண்டாக்கும் வாயு, படத்தில் கருமையான கோடுகளாகவும் குமிழிகளாகவும் தென்பட்டது. முதல் உலகப்போரில் மண்படிந்த காயங்களால் வாயு அழுகல் பெருகியபோது, இவ்வடையாளம் மருத்துவர்க்கு உதவிற்று.

ஆயின், வாயு இல்லையேல் நோயும் இல்லை என்று கொள்ளலாமா? 1924இல் பீக்கிங் நகரில் மெலனி எனும் அறுவை மருத்துவர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் விளைந்த அழுகலை விரித்துரைத்தார். அக்கிருமி பொதுவாக வாயுவை உண்டாக்குவதில்லை. நோய் உள்ளே எரிய, படமோ வாய்மூடி நிற்கும்!

1971 அக்டோபர் முதல் நாளில், லண்டன் மாநகரில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. முதலில் மூளைக்கென அமைந்த அம்முறை, பின்னர் உடல் முழுமைக்கும் விரிந்தது. உறையின் தடிப்பையும் தேங்கிய நீரையும் நுண்ணிய வாயுவையும் அது காட்டியது. 1973இல் லாட்டர்பர் வெளியிட்ட காந்த அதிர்வுப் படமுறையிலிருந்து வளர்ந்த எம்.ஆர்.ஐ., ஆழத்து நீர்க்கோவையை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. ஆனால், அதற்கு நேரம் மிகுதியாகத் தேவை. அழுகலில்லா வெறும் வீக்கத்தையும் அது அழுகல்போல் காட்டிவிடக்கூடும்.

2004இல் சிங்கப்பூர் மருத்துவர்கள், ஆறு இரத்தச் சோதனைகளைக் கொண்டு ஐயத்தை அளவிடும் முறையொன்றை வெளியிட்டனர். அதுவும் துணையேயன்றித் தீர்ப்பன்று. ஐயம் வலுத்தவிடத்துப் படத்திற்காகக் காத்திராமல் தோலைத் திறந்து, உறையை நேரில் கண்டு, அழுகிய சதையை அகற்றுவதே இன்றளவும் உயிர்காக்கும் நெறி.

படத்தில் தெரிவது சான்று, தெரியாமை சான்றாகாது. அறிவியல் பயிலும் மாணவர் எத்துறையினராயினும் நெஞ்சில் இருத்த வேண்டிய பாடம் இதுவன்றோ!