217 அடியும் 177 அடியும்: நம் ராஜகோபுரம் நிற்கும் கணக்கு



துபாய், சிங்கப்பூர், பெங்களூர் என்று போனவர்கள் வானளாவிய கட்டடங்களின் படங்களை இந்தப் பக்கத்தில் போடுகிறீர்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அவை எப்படி நிற்கின்றன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்ல நம் ஊர் கீழைக் கோபுரத்திலிருந்து தொடங்குவதே எனக்கு வசதி.

முதலில் ஒரு கணக்கு. சென்னை அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமான அடுக்குமாடிக் கட்டடம். 'பதினாலு மாடி' என்றே ஜனங்கள் சொல்வார்கள். பட்டணம் போனவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து ஊரில் கதை சொல்வார்கள். அதன் உயரம் 177 அடி. நம் ராஜகோபுரம் 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516-ஐ ஒட்டித் தொடங்கி, தஞ்சை நாயக்கர் சேவப்பர் காலத்தில் முடிந்தது. சிமெண்ட் இல்லை, கம்பி இல்லை, கிரேன் இல்லை. ஆனாலும் எல்.ஐ.சி.யை விட 40 அடி அதிகம்!

எப்படி முடிந்தது? ரகசியம் மூன்று.

ஒன்று, அடி அகலம். கோபுரத்தின் அடித்தளம் சுமார் 135 அடிக்கு 98 அடி. மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் குறுகும். எல்லாச் சுமையும் நேராகக் கீழே இறங்கும்.

இரண்டு, பொருளை இடத்துக்கு ஏற்றபடி வைத்தது. அடிப்பகுதி கருங்கல். நசுக்கினாலும் தாங்கும் பொருள் அது. அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பதினோரு நிலையும் கருங்கல்லாக இருந்தால் அடியில் விழும் பாரம் பல மடங்காகும். செங்கல் எடை குறைவு, கையால் தூக்கி ஏற்றலாம். இந்த வகைக் கோபுரங்கள் உள்ளே கெட்டியாக இல்லாமல் நிலைக்கு நிலை வெற்றிடம் விட்டே கட்டப்பட்டன. நடுவில் தெரியும் வாசல் வழியாகக் காற்றும் வெளிச்சமும் போய்வரும்.

மூன்று, சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, புளிக்க வைத்து, மணலோடு சேர்த்து அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேரும். இந்தச் சாந்து மெதுவாகத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் இறுகிக்கொண்டே போகும். சற்று நெகிழ்ந்தும் கொடுக்கும். உள்ளே போன ஈரம் வெளியேறவும் வழி விடும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. உயரம் கூடினால் சுவர் தடிக்க வேண்டும். அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1891-இல் மொனாட்நாக் என்ற 16 மாடிக் கட்டடத்தைச் செங்கல்லில் எழுப்பினார்கள். அடியில் சுவர் மட்டும் 6 அடி கனம். கடை வைக்க இடம் எங்கே மிஞ்சும்? அதே ஊரில் அதற்கு முன்பே, 1885-இல், ஜென்னி என்ற பொறியாளர் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் வேறு வழி காட்டியிருந்தார். இரும்பாலும் எஃகாலும் ஒரு எலும்புக்கூடு. சுமையைத் தூணும் உத்தரமும் தாங்கின, சுவர் போர்வையாக மாறியது. 10 மாடிதான். ஆனால் இன்றைய வானளாவிகளின் வம்சம் அங்கிருந்துதான் கிளம்பியது. பாதுகாப்பான லிஃப்ட் அதற்குள் வந்துவிட்டதால் மேல் மாடிக்கும் ஆள் குடிபோனார்கள்.

அடுத்தது கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர். இது அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் உடையும். எஃகுக் கம்பி இழுவையைத் தாங்கும். இரண்டும் வெயிலில் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால்தான் பிரியாமல் குடும்பம் நடத்துகின்றன. துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். கீழே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு 192 கான்கிரீட் பைல்கள். கோடையில் இரவு நேரத்தில், ஐஸ் சேர்த்துக் கான்கிரீட் போட்டார்கள், சீக்கிரம் இறுகி வெடிக்காமல் இருக்க. உச்சிப் பகுதி எஃகு. கவனித்தீர்களா, கீழே கனம், மேலே லேசு. நம் கோபுரத்தின் அதே புத்திதான்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

காளஹஸ்தியின் ஏழு நிலை ராஜகோபுரமும் கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டியதுதான். நம் கோபுரத்துக்கு உடன்பிறப்பு மாதிரி. 2010 மே 26 அன்று இரவு அது அப்படியே சரிந்து விழுந்தது. விரிசல் பெரிதாவதைப் பார்த்து ஆட்களை முன்பே அப்புறப்படுத்தியதால் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. இன்று அங்கே நிற்பது புதிதாகக் கட்டிய கோபுரம். ஐந்நூறு வருடம் நின்றது என்பதால் ஆறாவது நூற்றாண்டுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

செங்கல் கோபுரத்துக்குப் பகை தண்ணீரும் செடியும். பறவை போட்ட ஆல விதை, அரச விதை இடுக்கில் முளைத்தால் வேர் சாந்தைப் பிளக்கும், அந்த வழியே மழைநீர் இறங்கும். அதனால்தான் பெரியவர்கள் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வைத்தார்கள். பக்தி ஒரு பக்கம். சாரம் கட்டி, செடி பிடுங்கி, விரிசல் அடைத்து, சுதை திருத்தும் பராமரிப்பு அட்டவணையும் அதுதான். இப்போது அவசரத்துக்கு அந்த விரிசலில் சிமெண்டைப் பூசும் பழக்கம் பல ஊர்களில் வந்துவிட்டது. சிமெண்ட் பழைய செங்கல்லை விடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் செங்கல்லைத்தான் தின்னும்.

நமக்குக் கடைசியாகக் குடமுழுக்கு நடந்தது 2017-இல். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2029. நிதி கொடுக்கப் போகிறவர்கள் உங்களில் பலர். கல்வெட்டில் பெயர் வருமா என்று கேட்பதற்கு முன், "பூசப்போவது சுண்ணாம்பா, சிமெண்டா?" என்று கேளுங்கள். சிவில் படித்தவர்கள் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஸ்தபதிகளோடு இப்போதே பேசிப் பழகுங்கள். அந்தக் கைகள் குறைந்து வருகின்றன. தீபத்துக்கு வரும்போது கோபுரத்தில் செடி கண்டால் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வடக்குக் கோபுரத்தைக் கட்டி முடிக்க அம்மணி அம்மாள் வீடு வீடாகப் போய்க் கையேந்தினார் என்பது ஊரறிந்த கதை. தனி ஒரு பெண் கேட்டுக் கட்டினார். இத்தனை பேர் சேர்ந்து கேட்டால் காப்பாற்ற முடியாதா?