அலாரம் அடிக்காத கிருமி

இன்னைக்கு எபிசோட் ஒரு பேனைப் பத்தி. தலைப்பேன் இல்ல, சீலைப்பேன். துணியோட தையல் மடிப்புல குடியிருக்கும், அங்கேயே முட்டை போடும், பசிச்சா மட்டும் உடம்புக்கு வந்து ரத்தம் குடிக்கும். மாத்துத் துணியும் துவைக்கத் தண்ணியும் இருக்கிற வீட்டுல இதனால பிழைக்க முடியாது.

1915, முதல் உலகப் போர். மேற்கு முனையின் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்குப் புதுசா ஒரு காய்ச்சல். கெண்டைக்கால் எலும்பில் கடும் வலி. காய்ச்சல் விடும், அஞ்சு நாள் கழித்துத் திரும்பி வரும். கிரஹாம் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் இதை முதலில் பதிவு செய்தார். பத்து லட்சம் வீரர்கள் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கு. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனும் 1916இல் இதே காய்ச்சலோடுதான் ஊர் திரும்பினார்.

1918இல் தன்னார்வலர்களை வைத்து நடத்திய சோதனைகளில் சீலைப்பேன்தான் காரணம் என்று உறுதியானது. பேனோட எச்சத்துல கிருமி இருக்கும். நாம சொறியும்போது அது தோலுக்குள்ள போயிடும். இரண்டாம் உலகப் போரிலும் இந்த நோய் வந்தது. அதன்பிறகு மருத்துவர்கள் இதைப் பழைய போர்க்கதையாகவே நினைத்தார்கள்.

இப்போ 1993, அமெரிக்காவின் சியாட்டில். ஜனவரி முதல் ஜூன் வரை 10 நோயாளிகளின் ரத்தத்தில் அதே கிருமி, பார்ட்டோனெல்லா குயின்டானா. எல்லாருமே நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்கள், பெரும்பாலானோருக்கு வீடு கிடையாது.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ரத்தத்தை ஒரு பாட்டிலில் வளர்த்து மெஷினில் வைப்பார்கள். கிருமி வளர்ந்து கார்பன் டை ஆக்சைடு விட்டால் மெஷின் அலர்ட் கொடுக்கும். ஆனா இது ரொம்ப மெதுவா வளர்ற கிருமி, அலர்ட் வராமலே போயிடும். சியாட்டில் ஆய்வகத்தில் பாட்டிலில் இருப்பதைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கும் வழக்கம் இருந்தது. சிக்கியது அங்கேதான். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும்: டாஷ்போர்டு பச்சையா இருக்கு, சர்வர் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கு.

1995இல் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து இன்னொரு செய்தி: வீடற்ற மூன்று பேருக்கு இதே கிருமியால் இதய வால்வில் தொற்று. பிறகு அதே ஊர் மருத்துவர்கள் வீடற்ற 71 நோயாளிகளைச் சோதித்தார்கள். 10 பேரின் ரத்தத்தில் கிருமி. அதில் சிலருக்குக் காய்ச்சலே இல்லை. அதாவது, தேடிப் போகாம இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது.

2020இல் கனடாவின் மானிடோபா மாகாண மருத்துவர்களும் வீடற்ற ஒருவரின் இதயத் தொற்றுக்கு இதுதான் காரணம் என்று எழுதினார்கள். பிறகு அங்கே குழாய்த் தண்ணீர் சரியாக வராத பூர்வகுடிக் குடியிருப்புகளிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள்.

ஆக, இந்த நோய் எங்கேயும் போகலை. அது யார் உடம்பில் இருந்ததோ அவங்களை யாரும் தேடலை, அவ்வளவுதான். குணமாக்க ஆன்டிபயாடிக் இருக்கு. ஆனா மருந்து முடிஞ்சு அதே சட்டையோட தெருவுக்குத் திரும்பினா பேன் மறுபடி வரும். அதனால இங்கே டாக்டர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "எங்கே தூங்குறீங்க, துணி துவைக்க வசதி இருக்கா?" என்பதுதான். எந்த மெஷினும் அதைக் கேட்காது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.